16 நிமிஷம்: ஒரு தையல்காரியின் குறுக்குவலி

"ஒரு தடவை சைக்காலஜிஸ்ட் மேடத்தையும் பார்த்திட்டு வாங்கம்மா" என்று எலும்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு வருஷமாகக் குறுக்கு வலிக்கிறது, உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி, ராத்திரி புரண்டு படுத்தால் வலி, இவர் என்னடாவென்றால் மனசுக்குப் பார்க்கிறவரிடம் போகச் சொல்கிறார், அப்படியென்றால் நான் நடிக்கிறேன் என்றுதானே அர்த்தம்? மதுரை கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை மிஷின் டிராயரில் பழைய பாபின்களோடு போட்டு மூடினேன். திரும்ப எடுக்க இரண்டு மாசம் ஆனது.

அதே மாதிரி ஒரு சீட்டு உங்கள் வீட்டிலும் எங்கேயாவது கிடக்கலாம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையிலேயே பிளவுஸ் தைக்கிறேன், 22 வருஷத் தொழில். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு, வந்த ஆர்டரை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் சரியாகத் தூங்காமல் தைத்தேன். கடைசி நாள் துணி மூட்டையைத் தூக்கும்போது சுளீர் என்று ஒரு இழுப்பு. தீபாவளி முடிந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பொங்கலும் முடிந்தது, சித்திரையும் முடிந்தது.

அப்புறம் பார்க்காத வைத்தியம் இல்லை. மாத்திரை, ஊசி, இடுப்பு பெல்ட், ஒத்தடம், ஊரில் யார் யாரோ சொன்ன எண்ணெய், வர்மம். எம்ஆர்ஐ எடுத்ததில் கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க முதுகு எழுபது வயசுக்காரி முதுகும்மா." சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். எனக்கு அது மண்டையில் உட்கார்ந்துவிட்டது. அன்றையிலிருந்து குனிவதை விட்டேன். கீழே விழுந்த வெட்டுத்துணியை எடுக்கக்கூட மகளைக் கூப்பிடுவேன். குடம் தூக்குவதில்லை, வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடுவதில்லை, கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. இரண்டு வருஷத்தில் நான் உட்காரும் நாற்காலி, படுக்கும் கட்டில், மாத்திரை டப்பா, இது மூன்றும்தான் என் உலகம் என்று ஆகிப்போனது.

ஒருநாள் மகள் (நர்சிங் இரண்டாம் வருஷம்) ஊசி எடுக்க டிராயரைத் திறந்தவள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, வலின்னா நரம்பு மட்டும்தான்னு நெனைச்சியா? எங்க பாடத்துலயே இருக்கு" என்றாள். உலக அளவில் வலியை ஆராய்கிற சங்கம் ஒன்று இருக்கிறதாம், அவர்கள் 1979இல் வலிக்கு எழுதிய விளக்கத்திலேயே உடம்பில் தெரியும் உணர்வையும் மனசின் உணர்ச்சியையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், 2020இல் திருத்தி எழுதியபோதும் அதை எடுக்கவில்லை. சரி, இவ்வளவு தூரம் சொல்கிறாளே என்று போனேன். என் மாமியாருக்குத்தான் தாங்கவில்லை. "குறுக்கு வலிக்குத் தைலம் தேய்க்காம, பேசிட்டு வர்றதுக்கு எழுநூறு ரூபாயா?"

முதல் நாள் அந்த மேடம் என்னிடம் கேட்டது, வலி எப்படி இருக்கும் என்றுதான். வலிக்கும் என்றேன். "எப்படி வலிக்கும்?" யோசித்துச் சொன்னேன்: உட்கார்ந்தால் கடுப்பு, எழும்போது சுண்டி இழுப்பு, ராத்திரி குடைச்சல், காலில் மதமதப்பு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாலு வருஷத்தில் யாரும் இதை இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்பார்கள், எட்டு என்பேன், மாத்திரை எழுதுவார்கள், அவ்வளவுதான்.

நானும் நேரடியாகக் கேட்டுவிட்டேன். "மேடம், நான் நடிக்கிறேன்னு நினைச்சு அனுப்பியிருக்காங்களா?" அவர் திரும்பி என்னிடம் ஒன்று கேட்டார். தைக்கும்போது ஊசி கையில் ஏறியிருக்கிறதா? ஏறாத தையல்காரி உண்டா. ஒரு முகூர்த்த ஆர்டர் சமயத்தில் மிஷின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தை உரசிக் கிழித்துவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை, மணப்பெண்ணின் பட்டு பிளவுஸில் சிவப்பாகப் பட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் விரல் எரிய ஆரம்பித்தது. அதைச் சொன்னதும் மேடம், "அப்ப காயம் இருந்துச்சு, வலி இல்ல. இப்ப உங்க முதுகுல இழுத்துக்கிட்ட காயம் ஆறி வருஷக்கணக்காச்சு, வலி மட்டும் நிக்கல. ரெண்டுமே நிஜம்தான்" என்றார்.

இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அதை வைத்து 1965இல் மெல்சாக், வால் என்று இரண்டு பேர் சொன்ன கணக்கையும் விளக்கினார். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருக்கிற மாதிரி, தேய்க்கிற உணர்வு அதைக் கொஞ்சம் சாத்துகிறது, மூளையும் மேலேயிருந்து அதைத் திறக்கும், சாத்தும். பயம், கவலை, தூக்கமின்மை எல்லாம் அகலத் திறக்கிற பக்கம். மூன்று மாசத்துக்கு மேல் நீடிக்கிற வலியில் பல பேருக்கு நரம்பு மண்டலமே உஷாராகி, சின்னத் தொடுதலுக்கும் பெரிய சத்தம் போடும் என்றார். தெரு நாய்க்கு ஒரு தடவை அடி விழுந்தால் அப்புறம் பேப்பர்க்காரனைப் பார்த்தாலும் குரைக்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

எம்ஆர்ஐ படத்தையும் கொண்டு போயிருந்தேன். முதுகு வலியே இல்லாத ஆட்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வு ஒன்றைச் சொன்னார்: 40 வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு. வலியே இல்லாதவர்களுக்கு! எழுபது வயசுக்காரி முதுகு என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு வருஷம் குனியாமல் இருந்தேனே என்று அன்றைக்கு வயிறு எரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் என்னைச் சோதித்து, அவசரமாக ஆபரேஷன் செய்கிற மாதிரி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இங்கே அனுப்பினார். கால் பலமிழந்து போவது, இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப் போவது, மூத்திரம் மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் பேச்சு சிகிச்சையும் வேண்டாம் தைலமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, என்னதான் செய்தோம்? நாலு மாசத்தில் 10 தடவை போனேன். முதல் வேலை நோட்டு. மகளின் பழைய ரஃப் நோட்டில், காலை மதியம் ராத்திரி வலி எத்தனை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், மனசில் என்ன ஓடியது. எனக்கு இது வீண் வேலையாகத்தான் பட்டது. இரண்டு வாரம் கழித்து மேடம் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, "நீங்களே பாருங்க" என்றார். அதிகம் தைத்த நாளில் வலி கூடும் என்று நான் சத்தியம் செய்வேன். நோட்டில் அப்படி இல்லை. தைத்த பிளவுஸ் திரும்ப ஆல்டரேஷனுக்கு வந்த நாள், கூலியில் ஒருத்தி பேரம் பேசிய நாள், மாமியாரோடு முட்டிக்கொண்ட நாள், இதெல்லாம் 8. சும்மா படுத்தே கிடந்த ஞாயிற்றுக்கிழமை 7. தங்கச்சி வந்து சிரித்துப் பேசிக்கொண்டே ஆறு பிளவுஸுக்குக் கொக்கி வைத்த மத்தியானம் 4. குடைச்சல் என்ற சொல்லை வலிக்கும் சொல்கிறோம், ஆள் கொடுக்கிற தொல்லைக்கும் சொல்கிறோம், நம் ஆட்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நேரக் கணக்கு. எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். என் பழக்கம் என்னவென்றால், நல்லா இருக்கிற அன்றைக்கு விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று நாலு மணி நேரம் எழாமல் தைப்பேன், அடுத்த மூன்று நாள் கட்டில். மறுபடி கொஞ்சம் தெளிந்தால் மறுபடி அதே மல்லுக்கட்டு. மேடம் மூன்று நாள் அளக்கச் சொன்னார்: உட்கார்ந்து தைக்க ஆரம்பித்து, வலி கூட ஆரம்பிக்கும் வரை எத்தனை நிமிஷம்? எனக்கு வந்தது 25, 15, 20. சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16. இனிமேல் 16 நிமிஷம் தைக்க வேண்டும், போனில் அலாரம் அடித்ததும் எழ வேண்டும், ஐந்து நிமிஷம் நின்றபடி துணி வெட்டலாம், அயர்ன் பண்ணலாம், நடக்கலாம், அப்புறம் அடுத்த 16. வலித்தாலும் 16, வலிக்காவிட்டாலும் 16. வலியைக் கேட்டு எழக்கூடாது, கடிகாரத்தைக் கேட்டு எழ வேண்டும்.

கேட்க எத்தனை சுலபமாக இருக்கிறது பாருங்கள். முதல் நாள் அலாரம் அடித்தபோது ஒரு பிளவுஸுக்கு ஐந்தாவது கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஆறு வைத்தால் முடிந்தது. நூலும் ஊசியில் கோத்தபடி இருக்கிறது, ஒரு கொக்கிதானே. கை அதுபாட்டுக்குக் குத்துகிறது. அலாரத்தை அணைத்துவிட்டு வைத்து முடித்தேன். முடித்ததும் அடுத்த பிளவுஸை எடுத்து மடியில் போட்டிருந்தேன், எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை! நாற்பது நிமிஷம் கழித்துத்தான் நினைவு வந்தது. மறுநாள் மகள் போனை என் கைக்கு எட்டாமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள், அணைக்கவாவது எழுந்தாக வேண்டும். ஊசியைப் பாதியில் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து நிற்கப் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வாரத்துக்கு 2 நிமிஷம் கூட்டினோம், ஏழு வாரத்தில் 30 ஆனது. உங்களுக்கு எதில் வலியோ, நிற்பது, நடப்பது, பாத்திரம் விளக்குவது, அதை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நன்றாக இருக்கிற நாளில் அலாரத்துக்கு எழுவதுதான் கஷ்டம், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குனிகிற விஷயத்துக்கு வருகிறேன். "குனிந்தால் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். டிஸ்க் நழுவி கால் விழுந்துவிடும் என்றேன். எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்? தொண்ணூறு. எழுதிக்கொண்டார். அப்புறம் தன் கைக்குட்டையை முதலில் நாற்காலியில் போட்டார், எடுத்தேன். அடுத்த வாரம் சின்ன ஸ்டூலில். அதற்கடுத்த வாரம் தரையில். தரையில் கிடந்த அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேனோ, உள்ளங்கை வியர்த்தது, பல்லைக் கடித்தபடி குனிந்து எடுத்தேன். வலித்தது. கால் விழவில்லை. "இப்ப எத்தனை சதவீதம்?" என்றார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நல்லதை நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி உபதேசம் எதையும் அவர் செய்யவில்லை. செய்திருந்தால் அடுத்த வாரம் போயிருக்கவே மாட்டேன்.

மூச்சுப் பயிற்சி, கண்ணை மூடி உடம்பை உச்சியிலிருந்து பாதம் வரை கவனிப்பது, இதுவும் உண்டு. கபாட்-ஸின் என்பவர் 1979இல் அமெரிக்காவில் ஆரம்பித்த முறையிலிருந்து வந்ததாம். பலருக்கு உதவுகிறது என்கிறார்கள். எனக்கு முழங்கால் வருவதற்குள் குறட்டை வந்துவிடும். ஆனால் ஒரு லாபம்: ஹெம்மிங் பண்ணும்போது தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை 22 வருஷத்தில் முதல் தடவையாகக் கவனித்தேன்.

வீட்டுக்காரரையும் ஒரு நாள் வரச் சொன்னார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், தங்கமான மனுஷன். நான் "ஸ்ஸ்" என்றால் கையிலிருக்கிற டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படு என்பார். ஒரு நாளைக்குப் பத்து தடவை "வலிக்குதா?" என்று கேட்பார். மேடம் அவரிடம் பக்குவமாகச் சொன்னார்: வலிக்கும்போது மட்டும் கவனித்துவிட்டு, வேலை செய்யும்போது கண்டுகொள்ளாமல் இருந்தால் உடம்பு எதைப் பழகும்? சியாட்டிலில் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதை வைத்து சிகிச்சை முறை வகுத்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் பாசமா இருந்ததுதான் தப்பா?" என்று ஆட்டோவில் வரும்போது கேட்டார், தெப்பக்குளம் தாண்டும்வரை நான் பதில் சொல்லவில்லை, என்ன சொல்வது. இப்போது "வலிக்குதா"வுக்குப் பதிலாக "இன்னைக்கு எத்தனை பிளவுஸ்?" என்று கேட்கிறார். கொஞ்சம் மேஸ்திரி மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

ஆறாவது தடவை போனபோது மேடம், வலி போனதும் என்னவெல்லாம் செய்வீர்கள் என்று பட்டியல் போடச் சொன்னார். முதலில் எழுதியது அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பது. நாலு வருஷமாகப் போகவில்லை. "இதுல எதையெல்லாம் வலியோடயே செய்ய முடியும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆத்துக்குள் அந்தக் கூட்டத்தில் நிற்பது நடக்காது. ஆனால் புதூரில் தங்கச்சி வீடு இருக்கிறது, அழகர் வருகிற வழி. முந்தின நாளே போய்ப் படுத்துத் தூங்கி எழுந்து, மடக்கு ஸ்டூலோடு எதிர்சேவைக்கு, அதாவது அழகரை வழியிலேயே எதிர்கொண்டு வரவேற்கப் போனோம். சர்க்கரை நிரப்பின செம்பில் சூடம் ஏற்றி, வேட்டுச் சத்தத்துக்கு நடுவில் "கோவிந்தா" என்று கத்தும்போது இடுப்பு 6 இருந்திருக்கும். 20 நிமிஷம் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். பக்கத்தில் நின்ற பாட்டி, "ஏத்தா, உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறியே, வேண்டுதலா?" என்று கேட்டார்.

இனி கசப்பான விஷயம். என் வலி போகவில்லை. நோட்டில் ஆரம்பத்தில் சராசரி 6, இப்போது 5. மகள் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பைப் படித்துச் சொன்னாள், காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்டது, 75 ஆய்வுகள், 9,401 பேர். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுகிற இந்தச் சிகிச்சையால் வலியிலும் முடக்கத்திலும் மனவேதனையிலும் கிடைக்கிற பலன் சிறியது, மிகச் சிறியது என்றே போட்டிருக்கிறார்களாம். கேட்டதும் பகீர் என்றது. மேடத்திடம் கேட்டேன், அவர் மழுப்பவில்லை, உண்மைதான், முதல் நாளே வலியை எடுத்துவிடுவேன் என்று நான் சொல்லவில்லையே என்றார். சொல்லவில்லைதான். ஆனால் 6 இருந்தபோது ஒரு நாளைக்கு ஒரு பிளவுஸ் முடிக்கத் திணறினேன், 5இல் மூன்று, நாலு தைக்கிறேன், குனிகிறேன், வெள்ளிக்கிழமை கோலம் போடுகிறேன். ஆய்வுக்காரர்களுக்கு அது சின்னது, எனக்கு அப்படி இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. செலவு முடியாதவர்கள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். வலி தாங்காமல் உயிரோடு இருந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் 14416க்கு அடியுங்கள், டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். டாக்டர் ராத்திரிக்கு எழுதிக்கொடுக்கும் சின்ன மாத்திரை மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மெடிக்கலில் யாராவது சொன்னால் பயந்து நிறுத்தாதீர்கள், அதே ரக மாத்திரையைக் குறைந்த அளவில் வலிக்கும் கொடுக்கிறார்கள். நான் நானாக நிறுத்தி ஒரு வாரம் தூங்காமல் அவதிப்பட்டேன்.

போன வாரம் மறுபடி பிடித்துக்கொண்டது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பிளவுஸ் வந்து குவிந்ததில் இரண்டு நாள் அலாரத்தை அணைத்துவிட்டேன், வேறு யாரைக் குறை சொல்ல. இப்படி ஆகும் நாளுக்கென்று மேடமும் நானும் எழுதின தாள் ஒன்று பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது: நேரத்தைப் பாதியாக்கு, நிறுத்தாதே. முழு நாளும் படுக்காதே. வெந்நீர் ஒத்தடம். தங்கச்சிக்குப் போன் போடு, வலியைப் பற்றிப் பேசாதே. மூன்று நாள் கழித்து 2 நிமிஷம் கூட்டு. முந்தாநாள் 15 நிமிஷத்தில் ஆரம்பித்தேன், சனிக்கிழமை 17. எதிர் வீட்டு அக்கா நாளைக்கே பிளவுஸ் வேண்டும் என்று நின்றார், வெள்ளிக்கிழமைதான் தர முடியும் என்றேன், முறைத்துக்கொண்டே அளவு பிளவுஸை வைத்துவிட்டுப் போனார். மாமியாருக்கு இப்போது முழங்கால் வலி. போன் ஜன்னல் திண்டில் அடிக்கும்போதெல்லாம் அவரும் கட்டிலைவிட்டு எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருகிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை.